வீட்டில் கட்டும் விமானத்துக்கு இறக்கை டேங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் நாங்கள் விமானம் கட்டும் கொட்டகைக்குச் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் செம்பனை ஆலைகளிலிருந்தும் ஆட்கள் வந்து பார்ப்பது வழக்கம். எஞ்சினைப் பற்றி அதிகம் கேட்கமாட்டார்கள். மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிய கை எல்லோருக்கும் இருக்கிறது. இறக்கையைத் திறந்து காட்டினால்தான் சந்தேகங்கள் கிளம்பும். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன்.

கணக்குகளுக்கு எடுத்துக்கொண்ட விமானம் இரண்டு இருக்கை, தாழ்ந்த இறக்கை, 100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சின். உங்களுடையது வேறு என்றால் எண்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. கிட் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கிட்டின் கையேடு சொல்வதுதான் முதல் வார்த்தை.

"பெட்ரோலைக் கொண்டுபோய் ஏன் இறக்கைக்குள்ள வைக்கிறீங்க? உடம்புக்குள்ளயே ஒரு டேங்க் வச்சா வேலை முடிஞ்சுதே?"

வைக்கலாம். எஞ்சினுக்கும் விமானியின் கால்களுக்கும் நடுவில் டேங்க் உள்ள சின்ன விமானங்கள் நிறைய உண்டு. ஒரே மூடி, ஒரே மீட்டர், குட்டையான குழாய். ஆனால் மோசமாகத் தரையிறங்கினால் பெட்ரோல் மடியில் கொட்டும். அதைவிடப் பெரிய காரணம் சுமை. பறக்கும்போது இறக்கையைக் காற்று மேலே தூக்குகிறது, உடலின் எடை நடுவில் கீழே இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இறக்கை உடலோடு சேரும் இடம் வளையப் பார்க்கிறது. இறக்கையிலேயே எடை இருந்தால் அந்த வளைவு குறையும்.

இதற்குக் கொடுக்கும் விலை, எல்லாமே இரண்டு: மூடி இரண்டு, காற்றுக் குழாய் இரண்டு, வடிகால் வால்வு இரண்டு, மீட்டர் இரண்டு. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இறக்கையின் முன்விளிம்பில் உள்ள டேங்க் பொதுவாக விமானத்தின் எடைமையத்துக்கு முன்னால் இருக்கும். பெட்ரோல் தீரத் தீர எடைமையம் பின்னால் நகரும். கிளம்பும்போது எல்லைக்குள் இருந்த விமானம் இறங்கும்போது எல்லையைத் தாண்டியிருக்கலாம். அதனால் எடைக் கணக்கை டேங்க் காலியாக இருக்கும் நிலைக்கும் போட்டுப் பாருங்கள்.

"எத்தனை லிட்டர் பிடிக்கிற மாதிரி செய்யணும்?"

912 யூஎல்எஸ் எஞ்சின் 75 விழுக்காடு சக்தியில் மணிக்குச் சுமார் 18.5 லிட்டர் குடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு 55.5 லிட்டர். பகலில் பார்த்துப் பறப்பதற்குக் குறைந்தது அரை மணி நேரக் கையிருப்பு வேண்டும், அதற்கு 9 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக 65. டேங்க்கின் அடியில் எடுக்க முடியாமல் தங்குவதற்குப் பக்கத்துக்கு ஒரு லிட்டர், விரிவதற்கு 2 விழுக்காடு காலியிடம் என்று சேர்த்தால் மொத்தம் 69 லிட்டர் வரும். பக்கத்துக்கு 35 என்று வைத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.74 கிலோ. 65 லிட்டர் என்றால் 48 கிலோ. பெரிய டேங்க் இருந்தால் நல்லதுதானே என்று சிலர் சொல்வார்கள். இடம் இருந்தால் நிரப்பத்தான் கை போகும். இரண்டு பெரிய ஆட்கள் ஏறும் சின்ன விமானத்தில் அந்தக் கூடுதல் 20 லிட்டர் எங்கேயோ இடிக்கும்.

"35 லிட்டர் அந்த மெல்லிசான இறக்கைக்குள்ள எப்படி அடங்கும்?"

பார்வைக்குத்தான் மெல்லிசு. முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவில் அகலம் 1.3 மீட்டர், அதில் 15 விழுக்காடு தடிமன் உள்ள இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்விளிம்பிலிருந்து 25 விழுக்காட்டில் ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீள உத்திரம்) இருந்தால், அதற்கு முன்னால் உள்ள பகுதி மட்டும் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 49 லிட்டர் பிடிக்கும். ஸ்பாரை 30 விழுக்காட்டுக்குத் தள்ளினால் 61 லிட்டர். ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்), குழாய், சீலண்ட் (இணைப்பை அடைக்கும் பசை) எல்லாம் இடம் பிடிக்கும் என்று கொஞ்சம் கழித்தாலும் 80 சென்டிமீட்டர் நீளத்தில் 35 லிட்டர் தாராளமாக அடங்கும்.

உங்கள் ரிப்பின் வடிவத்தைக் கட்டத்தாளில் வரைந்து கட்டங்களை எண்ணினால் போதும், பெரிய கணிதம் வேண்டாம்.

"எத்தனை வகை இருக்கு? எதைச் செய்யறது நல்லது?"

நான்கு வகை. முதலாவது, இறக்கையின் முன்விளிம்புத் தகடே டேங்க்கின் சுவராக இருப்பது. ரிவெட் அடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் சீலண்ட் பூசுவார்கள். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி விமானங்களில் இந்த முறைதான், அதுவும் ஸ்க்ரூவைக் கழற்றி டேங்க்கைத் தனியாக எடுக்கலாம். இரண்டாவது, அலுமினியத்தில் வெல்டிங் செய்த தனிப் பெட்டி. அதை ரிப்களுக்கு நடுவில் உட்கார வைப்பார்கள். மூன்றாவது, பைபர்கிளாஸ் இறக்கையின் உட்புறத்தையே டேங்க் ஆக்குவது. நான்காவது, வார்த்த பிளாஸ்டிக் டேங்க் அல்லது ரப்பர் பை.

என் ஓட்டு, கழற்ற முடிகிற எதற்கும். ரிவெட் டேங்க்கில் இடம் வீணாகாது, எடை குறைவு, ஆனால் சீலண்ட் வேலை பொறுமையைச் சோதிக்கும். வெல்டிங் பெட்டி ஒரு நாளில் முடியும், ஆனால் வளைந்த இறக்கைக்குள் நேரான பெட்டி வைப்பதால் கால்வாசி இடம் சும்மா கிடக்கும். இறக்கையோடு ஒட்டிப் பிறந்த டேங்க் அழகாக இருக்கும். கசிந்தால் அழகு தெரியாது.

"எங்க மில்லுல ஸ்டெயின்லெஸ் வெல்டிங் சூப்பரா பண்ற ஆள் இருக்காரு. அவர்கிட்ட குடுக்கலாமா?"

அவருக்கு டிக் வெல்டிங்கில் மெல்லிய அலுமினியம் பழக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்டெயின்லெஸ் வேண்டாம், அது அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு எடை. தகடு 5052 வகையில் 1 மில்லிமீட்டர் அல்லது கொஞ்சம் தடிமன். 2024 தகட்டை அவரிடம் கொடுக்காதீர்கள். அது விமானத் தகடுதான், ரிவெட்டுக்கு அருமையானது, ஆனால் வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே வெடிப்பு விடும். கேஸ் வெல்டிங் என்றால் பிளக்ஸ் உள்ளே தங்கும். வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவாவிட்டால் அந்த இடம் உள்ளிருந்து அரித்துவிடும்.

பெட்டியை இறக்கைக்குள் இறுக்கி போல்ட் போட வேண்டாம். இறக்கை வளையும், பெட்டி வளையாது, இரண்டும் சண்டை போட்டால் வெல்டிங்தான் விட்டுக்கொடுக்கும். அடியில் பட்டை, மேலே பட்டை, நடுவில் தண்ணீரை உறிஞ்சாத ரப்பர் அல்லது கார்க். ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு வைத்தால் நம் ஊர் ஈரத்தில் பெட்டியின் வெளிப்பக்கம் அரிக்க ஆரம்பிக்கும்.

"சீலண்ட்டுக்கு அவ்வளவு காசா! ஹார்ட்வேர் கடையில விக்கிற சிலிக்கோன் போதாதா?"

போதாது. சாதாரண சிலிக்கோன் பெட்ரோலில் ஊறி உப்பிக் கழன்றுவிடும், கழன்றது குழாயை அடைக்கும். விமான டேங்க்குக்கு உள்ளது பாலிசல்பைடு சீலண்ட், கட்டுகிறவர்கள் பொதுவாகப் புரோசீல் என்பார்கள். இரண்டு பகுதிகளை எடை பார்த்துக் கலக்க வேண்டும். சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்குங்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் நேரம் 25 டிகிரிக்கும் மிதமான ஈரப்பதத்துக்கும் ஆனது. இங்கே பிற்பகல் கொட்டகையில் 33 டிகிரியும் ஈரமும் சேர்ந்தால் இரண்டு மணி நேரச் சீலண்ட் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கட்டிப்பட ஆரம்பிக்கும். அதனால் காலையில் கலக்குங்கள், ஒரு ரிப்புக்கு வேண்டிய அளவு மட்டும். மீதியைக் குளிர்பெட்டியில் வையுங்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் வீட்டில் வேறு பிரச்சினை வரும்.

பூசுவதைவிடச் சுத்தம் செய்வதுதான் வேலை. ஒட்டும் இடத்தைச் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் அல்லது எம்இகே போட்டுத் துடைத்து, அந்த ஈரம் காய்வதற்கு முன்பே இன்னொரு சுத்தத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வெறும் விரல் படக்கூடாது. இரண்டு தகட்டுக்கு நடுவில் ஒரு படலம், ரிவெட் ஒவ்வொன்றும் சீலண்ட்டில் தோய்த்து, உள்மூலையில் விரலால் வழித்த கரை, ரிவெட்டின் வாலுக்கு மேல் ஒரு தொப்பி. இந்த நான்கில் ஒன்றை விட்டாலும் கசிவு அங்கேதான் வரும். கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு வேலை செய்யுங்கள்.

"உள்ள ஒரு திரவத்தை ஊத்திக் குலுக்கினா எல்லா ஓட்டையும் அடைஞ்சிடும்னு மாமா சொல்றாரு?"

மாமா சொல்வது பழைய முறை, ஒரு காலத்தில் விமானங்களிலும் செய்தார்கள். வருடங்கள் போனதும், முக்கியமாக எத்தனால் கலந்த பெட்ரோல் பட்டதும், அந்தப் படலம் தோலாக உரிந்து வடிகட்டியை மூடிய சம்பவங்கள் உண்டு. கசிந்த இடத்தைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் சரி செய்யுங்கள்.

"ரோன் 95 அடிச்சா போதுமா அண்ணே, இல்ல அவ்கேஸ்தான் வேணுமா?"

எஞ்சின் தயாரித்தவரைக் கேளுங்கள். 912 யூஎல்எஸ்ஸுக்குக் குறைந்தது ரோன் 95 (ரோன் என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண்) வேண்டும் என்று ரோட்டாக்ஸ் சொல்கிறது; 80 குதிரைத்திறன் 912க்கு ரோன் 90 போதும். விமானங்களுக்கென்றே உள்ள நீல நிறப் பெட்ரோலான அவ்கேஸ் 100எல்எல்லும் இவற்றில் ஓடும், ஆனால் அதில் ஈயம் இருப்பதால் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். பெரிய லைகாமிங் எஞ்சின்களின் கதை வேறு, அவற்றில் பலவற்றுக்கு 100எல்எல்தான்.

டேங்க்கைப் பொறுத்தவரை பெட்ரோலில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அது அவ்கேஸைவிடச் சுலபமாக ஆவியாகும், அதைப் பம்ப் பற்றிய கேள்வியில் பார்க்கலாம். இரண்டாவது எத்தனால். நம் மலேசியாவில் பனை எண்ணெயைக் கலக்கச் சொல்லும் கட்டாயம் டீசலுக்குத்தான், பெட்ரோலில் எத்தனால் கட்டாயம் இல்லை. எல்லை தாண்டித் தாய்லாந்தில் கேசஹால் என்று 10, 20 விழுக்காடு எத்தனால் கலந்தது சாதாரணமாகக் கிடைக்கும். சந்தேகம் வந்தால் அளவுக் குழாயில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி நிற்க விடுங்கள். அடியில் தண்ணீர் 10 மில்லியாகவே இருந்தால் எத்தனால் இல்லை. 19 ஆகியிருந்தால் கிட்டத்தட்ட 10 விழுக்காடு கலந்திருக்கிறது.

"பைபர் டேங்க் பெட்ரோல்ல கரையுமா?"

ரெசினைப் பொறுத்தது. படகுக்குப் போடும் சாதாரணப் பாலியெஸ்டரை நம்ப வேண்டாம். வினைல் எஸ்டர் நன்றாகத் தாங்கும். எபாக்சியில் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு மாதிரி. அவ்கேஸைத் தாங்கியது எத்தனால் பட்டால் இளகலாம். நீங்கள் பூசப்போகும் அதே ரெசினில் ஒரு துண்டு செய்து, நன்றாக இறுகிய பிறகு எடை பார்த்து, பெட்ரோல் உள்ள கண்ணாடிப் போத்தலில் மூடி ஒரு மாதம் வையுங்கள். எடை கூடியிருந்தாலோ நகம் பதிந்தாலோ அந்த ரெசின் வேண்டாம்.

"டேங்க்குள்ள எதுக்குத் தடுப்பு? காலியா விட்டா இன்னும் கொஞ்சம் பிடிக்குமே?"

பாதி டேங்க்கோடு திரும்பும்போது 15 லிட்டர் பெட்ரோல் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு ஓடும். சுவரை இடிப்பது ஒரு பக்கம். உறிஞ்சும் குழாயின் வாயை விட்டு பெட்ரோல் விலகி, குழாய் காற்றை இழுப்பதுதான் நிஜ ஆபத்து. ரிப்களையே தடுப்பாக விட்டு, கீழ் மூலைகளில் பெட்ரோல் போகவும் மேல் மூலைகளில் காற்று போகவும் சின்னத் திறப்பு வைப்பார்கள். மேல் மூலையை மறந்தால் ஒவ்வொரு அறையிலும் காற்று மாட்டிக்கொள்ளும், 35 லிட்டர் டேங்க் 30 தான் குடிக்கும். கடைசி ரிப்பில், உடலை நோக்கி மட்டும் திறக்கும் ஒரு சின்னக் கதவு வைத்தால் உறிஞ்சும் குழாய் இருக்கும் அறை சீக்கிரம் காலியாகாது.

உறிஞ்சும் குழாயின் இடம், உடல் பக்கத்துக் கீழ்ப் பின்மூலை. இறக்கை வெளிப்பக்கம் உயர்ந்திருப்பதால் மிச்சம் அங்கேதான் சேரும். ஆனாலும் அதை டேங்க்கின் அடிமட்டத்தில் வைக்காதீர்கள், கொஞ்சம் மேலே இருக்கட்டும். அடிமட்டம் தண்ணீருக்கும் குப்பைக்கும். குழாயின் வாயில் சல்லடை வேண்டும். சின்ன விமானங்களுக்கான அமெரிக்காவின் பழைய பகுதி 23 விதிகள், பிஸ்டன் எஞ்சினுக்கு அங்குலத்துக்கு 8 முதல் 16 கண்ணி என்று சொல்கின்றன. நம்மைக் கட்டுப்படுத்தாத விதிதான், ஆனால் பல விபத்துகளுக்குப் பிறகு எழுதியது. நான் அதைப் பல இடங்களில் பிடித்துக்கொள்கிறேன்.

பக்கவாட்டில் சறுக்கி இறங்கும்போது கீழே இருக்கும் இறக்கையில் பெட்ரோல் வெளிப்பக்கம் ஓடிவிடும், மேலே இருக்கும் இறக்கையில் உடல் பக்கம் வரும். டேங்க்கில் குறைவாக இருந்தால், மேலே இருக்கப்போகும் பக்கத்து டேங்க்கை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட்டுச் சறுக்குங்கள்.

"மூடியில ஒரு ஊசி ஓட்டை போட்டா காத்துப் போகாதா? தனியா எதுக்குக் குழாய்?"

இறக்கையின் மேற்பரப்பில் பறக்கும்போது காற்றழுத்தம் குறைவு. மூடி அங்கே இருக்கிறது. ஓட்டை போட்டால் காற்று உள்ளே போவதற்குப் பதில் பெட்ரோல் வெளியே உறிஞ்சப்படும். அதனால்தான் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், காற்றுக்குத் தனிக் குழாய் வேண்டும். அதன் வெளி வாய் இறக்கைக்கோ உடலுக்கோ அடியில் முன்பக்கம் பார்த்து, 45 டிகிரியில் சீவியபடி இருக்கும். எதிர்க்காற்று கொஞ்சம் அழுத்தம் கொடுக்கும், அது பம்புக்கும் உதவி. உள்முனை, டேங்க்கின் மிக உயரமான இடமான வெளிப்பக்க மேல்மூலைக்குப் போக வேண்டும். இரண்டு குழாய்களையும் ஒரே மாதிரி, ஒரே கோணத்தில் வையுங்கள். வித்தியாசம் இருந்தால் ஒரு டேங்க் வேகமாகத் தீரும்.

டேங்க் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். காற்றுக் குழாய் அடைத்தால் ஒன்றும் தெரியாது. பம்ப் இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம் வளரும், டேங்க் உள்நோக்கி நசுங்கும் அல்லது எஞ்சின் நின்றுவிடும், மீட்டர் மட்டும் பாதி இருக்கிறது என்று காட்டும். தோட்டப் பக்கத்தில் இதை அடைப்பது யார் என்று கேட்கவே வேண்டாம், குளவி. மண் குளவிக்கு 8 மில்லிமீட்டர் குழாய் என்றால் கட்டி முடித்த வீடு. விமானம் நிற்கும்போது வாயில் சிவப்பு நாடா கட்டிய மூடி போடுங்கள், வாய்க்குள் மெல்லிய கம்பி வலை வையுங்கள், முன்வாய் அடைத்தாலும் காற்று வரக் குழாயின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். பறக்கும் முன் ஒரு ஹோஸை மாட்டி மெதுவாக ஊதிப் பார்க்கலாம். ஊதுங்கள், உறிஞ்சாதீர்கள்.

"முழுசா நிரப்பி வெயில்ல விட்டா வழியுமா?"

வழியும். பெட்ரோல் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.095 விழுக்காடு விரியும். காலை 23 டிகிரியில் நிரப்பிய 35 லிட்டர் மதியம் 38 டிகிரி ஆனால் அரை லிட்டர் கூடும். முன்னால் சொன்ன 2 விழுக்காடு காலியிடம், அதாவது 0.7 லிட்டர், அதற்குத்தான். நிரப்பும் வாயை டேங்க்கின் மிக உயரமான இடத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாக வைத்தால் எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் காலியிடம் தானாக மிஞ்சும்.

"பெட்ரோல் டேங்க்குல தண்ணி எங்கிருந்து வருது?"

மூன்று வழி. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போய், மாலை மழை உள்ளே இறங்குவது. நம் ஊரில் இதுதான் முதல் குற்றவாளி. அடுத்தது, நிரப்பும் கேனிலேயே இருந்த தண்ணீர். மூன்றாவது, பாதி காலியான டேங்க்கில் இரவில் காற்றின் ஈரம் வியர்ப்பது. தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதனால் மிகத் தாழ்ந்த புள்ளியில் வடிகால் வால்வு. விமானம் பறக்கும்போது தாழ்ந்த புள்ளியைக் கேட்கவில்லை, தரையில் நிற்கும்போது எது தாழ்வோ அது. முன்சக்கர விமானத்துக்கும் வால்சக்கர விமானத்துக்கும் இது மாறும். அடியில் தண்ணீர் சேரும் குழியின் அளவு டேங்க்கில் 0.25 விழுக்காடு அல்லது சுமார் 240 மில்லி, எது பெரிதோ அது என்று அதே பகுதி 23 சொல்கிறது. நம் அளவு டேங்க்குக்கு 240 மில்லிதான். ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்பும், நிரப்பிக் கொஞ்ச நேரம் நிற்க விட்ட பிறகும் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். குவளை முழுக்கத் தண்ணீராகவே வந்தாலும் பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், அதனால் முகர்ந்தும் பாருங்கள்.

"ரெண்டு டேங்க்கையும் ஒண்ணா திறந்து விட்டுட்டா மாத்துற தொல்லை இல்லையே?"

உயர்ந்த இறக்கையில் புவியீர்ப்பிலேயே இறங்கும் என்றால் சரி, இரண்டின் காற்றுப் பகுதியையும் ஒரு குழாயால் இணைத்துவிட்டு இரண்டையும் திறந்து வைக்கலாம். தாழ்ந்த இறக்கையில் பம்ப் உறிஞ்சுகிறது. ஒரு டேங்க் முதலில் காலியானால் பம்ப் அங்கிருந்து காற்றைத்தான் இழுக்கும், மற்ற டேங்க் நிறைந்திருந்தாலும் எஞ்சின் நிற்கும். ஒரே குவளையில் இரண்டு உறிஞ்சுகுழல் போட்டு, ஒன்றின் நுனி வெளியே இருந்தால் எப்படியோ அப்படி. ஆகவே இடம், வலம், மூடல், இந்த மூன்று மட்டும்.

அந்த வால்வை எங்கே வைப்பது என்பது டேங்க்கைப் போலவே முக்கியம். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்த விமானம், வேறொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஇசட். டேங்க் மாற்றும் கைப்பிடியை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள், அதில் இடம் வலம் என்று எழுதியும் இல்லை. அதைத் திரும்பி எட்டிப் பிடிக்கப் போனபோது கவனமும் கட்டுப்பாடும் போயின. நிரப்பாமல் கிளம்பியதும் காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் சொன்னது. கைப்பிடி கண் முன்னால், வார் போட்ட நிலையில் எட்டும்படி இருக்க வேண்டும். மூடும் நிலைக்குப் போகத் தனியாக ஒரு பொத்தானைத் தூக்க வேண்டியிருப்பது நல்லது.

"வெயில்ல நின்ன பிறகு ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் திக்குது. டேங்க் பிரச்சினையா?"

பெரும்பாலும் ஆவி. பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மோசம். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறையும்போது சூடான பெட்ரோல் குழாய்க்குள்ளேயே குமிழியாகும், அவ்கேஸைவிடப் பெட்ரோல் இன்னும் சீக்கிரம். மின்பம்பைத் தாழ்வான இடத்தில், டேங்க்குக்கு அருகில் வையுங்கள். உறிஞ்சும் குழாயில் கூர்மையான திருப்பங்களும் நெருக்கமான வடிகட்டியும் வேண்டாம். எஞ்சின் அறைக்குள் போகும் ஹோஸுக்குத் தீத்தடுப்பு உறை போட்டால் சூட்டுக்கும் அது மறைப்பு.

"ரோட்டாக்ஸ்ல பெட்ரோல் திரும்பி வர்ற குழாய் ஒண்ணு இருக்கே, அதை எந்த டேங்க்குல விடறது?"

நல்ல கேள்வி. அந்தக் குழாய் இருப்பதே மேலே சொன்ன குமிழிகளை வெளியே தள்ள. வசதி என்று அதை எப்போதும் இடது டேங்க்குக்கே விட்டால், வலது டேங்க்கில் ஓடும்போதெல்லாம் வலது பெட்ரோலில் ஒரு பகுதி இடது பக்கம் போய்ச் சேரும். இடது ஏற்கெனவே நிறைந்திருந்தால் காற்றுக் குழாய் வழியாக வெளியே கொட்டும். உங்கள் கணக்கில் அது இன்னும் டேங்க்கில் இருக்கும்.

வழி இரண்டு. எடுப்பதையும் திரும்புவதையும் ஒன்றாக மாற்றும் இரட்டை வால்வு வாங்குவது. விலை அதிகம், வேலை சுத்தம். இல்லையென்றால் திரும்பும் டேங்க்கையே முதலில் கொஞ்சம் தீர்த்துவிட்டுத்தான் மற்றதுக்கு மாறுவது என்று பழகிக்கொள்வது. வால்வுக்குச் செலவழியுங்கள் என்பேன்.

"டேங்க் கசியலைன்னு எப்படி நிச்சயமா தெரிஞ்சுக்கறது? கம்ப்ரெஸர் போட்டு அடிச்சுப் பாக்கலாமா?"

கம்ப்ரெஸரை டேங்க் பக்கமே கொண்டுவராதீர்கள். ரிவெட் டேங்க்குக்கு ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு அழுத்தம் போதும். அது சின்னதாகத் தெரியும், ஆனால் 80க்கு 40 சென்டிமீட்டர் தகட்டின் மேல் அது 225 கிலோ எடை. கம்ப்ரெஸர் இதைப் போல பல மடங்கை ஒரு நொடியில் கொடுத்துவிடும், பிறகு டேங்க் பலூன் வடிவத்தில் இருக்கும். சைக்கிள் பம்ப் போதும். காற்றுக் குழாயில் ஒரு பலூனை மாட்டினால், அழுத்தம் கூடினால் அது முதலில் உப்பி எச்சரிக்கும்.

அளப்பதற்குத் தெளிவான ஹோஸில் தண்ணீர் ஊற்றி யூ வடிவத்தில் சுவரில் கட்டுங்கள். இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் 70 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு பவுண்டு. ஓர் இரவு விட்டுப் பார்க்கலாம், ஆனால் ஏறி இறங்கினால் உடனே பயப்பட வேண்டாம். காற்று ஒரு டிகிரி சூடானாலே மட்டம் 3.5 சென்டிமீட்டர் வரை மாறும், வெளிக் காற்றழுத்தமும் நம் பக்கத்தில் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். ஒரு நாள் காலை ஏழு மணிக்கும் மறுநாள் காலை ஏழு மணிக்கும் ஒப்பிட்டால் ஓரளவு நியாயமான பதில் வரும். சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். வெல்டிங் பெட்டிக்குப் பகுதி 23 கேட்பது 3.5 பவுண்டு; அதைத் தண்ணீர் நிரப்பிச் செய்யுங்கள், விட்டுப்போனாலும் நனைவதோடு முடியும்.

"பம்ப் போதுமான அளவு தருதான்னு பறக்காம எப்படிப் பாக்கறது?"

912 யூஎல்எஸ் கிளம்பும்போது மணிக்கு 27 லிட்டர் கேட்கும். பம்ப் உள்ள அமைப்பு அதில் 125 விழுக்காடு, புவியீர்ப்பு அமைப்பு 150 விழுக்காடு கொடுக்க வேண்டும். நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் பம்புக்கு 560 மில்லி, புவியீர்ப்புக்கு 675 மில்லி. கார்புரேட்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி அளவுக் குடுவையில் பிடித்து, கடிகாரம் பாருங்கள். திரும்பு குழாயில் போவதை இதில் சேர்க்கக்கூடாது.

மூக்கைத் தூக்கி, ஏறும்போது இருக்கும் கோணத்தில் வைத்து, டேங்க்கில் கொஞ்சமே பெட்ரோல் விட்டுச் செய்வதுதான் உண்மையான சோதனை. சமதரையில், நிறைந்த டேங்க்கில் எல்லா அமைப்பும் பாஸ் ஆகும். அப்படியே பம்ப் காற்றை இழுக்கும் வரை விட்டு, மிச்சத்தை வடிகாலில் பிடித்து அளந்தால் உங்கள் டேங்க்கில் எடுக்க முடியாத அளவு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

"மீட்டரை நம்பலாமா?"

நீங்களே அளந்து குறித்த மீட்டரை ஓரளவு நம்பலாம். காலி டேங்க்கில் தொடங்கி ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். மிதவை மீட்டர், இறக்கை உயர்ந்து போகும் வடிவத்தால் நிறைந்த பக்கத்தில் சற்று நேரம் அசையாமல் நிற்கும். அது இயல்பு. அதே சமயத்தில் ஒரு மரக் குச்சியிலும் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கிளம்பும் முன் குச்சி சொல்வதுதான் கணக்கு.

"கேன்ல கொண்டுவந்து ஊத்தறப்போ தீப்பிடிக்குமா?"

பிளாஸ்டிக் கேனும் பிளாஸ்டிக் புனலும் நிலைமின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். கேனை வண்டியின் பின்தட்டில் வைத்து நிரப்பாதீர்கள், தரையில் இறக்கி வையுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன் கேன், புனல், விமானம் மூன்றையும் கம்பியால் இணையுங்கள். உலோகக் கேன் என்றால் இது சுலபம். பைபர் டேங்க்கில் மூடியின் உலோகக் கழுத்தையும் வடிகால் வால்வையும் உள்ளே ஒரு கம்பியால் கட்டும்போதே இணைத்துவிட வேண்டும், பிறகு செய்ய முடியாது.

"சிஏஏஎம்முக்கு எப்பச் சொல்லணும்?"

தகட்டை மூடுவதற்கு முன். 2018 முதல் பழைய சிவில் விமானத் துறையான டிசிஏவின் இடத்தில் இருப்பது மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், அதுதான் சிஏஏஎம். அவர்கள் அனுமதி இல்லாமல் வீட்டில் கட்டிய எதுவும் பறக்க முடியாது. மூடிய டேங்க்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஆகவே ஒவ்வொரு ரிப், ஒவ்வொரு இணைப்பு, சீலண்ட்டின் கலவைத் தேதி எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். கட்டத் தொடங்கும் முன்பே போய்ப் பேசிவிடுவது இன்னும் நல்லது.

"அஞ்சாறு வருஷம் கழிச்சு கசிஞ்சா இறக்கையையே பிரிக்கணுமா?"

கழற்ற முடிகிற டேங்க்கைத் தேர்ந்தெடுத்திருந்தால் வேண்டாம். அவ்கேஸ் நீலக் கறை விடும், பெட்ரோல் கசிந்த இடத்தில் பெயிண்ட் குமிழியாக எழும்பும். வெளியே கறை இருக்கும் இடமும் உள்ளே கசியும் இடமும் ஒன்றாக இருக்கும் என்று நினைக்காதீர்கள், தகடுகளுக்கு நடுவில் பெட்ரோல் வெகுதூரம் ஊரும். காலி செய்து, மேலே சொன்ன அழுத்தச் சோதனையைச் செய்தால் இடம் பிடிபடும். வெளியிலிருந்து பூசும் சீலண்ட் நிற்காது, உள்ளிருந்துதான் சரி செய்ய வேண்டும். டேங்க்கின் பின்சுவரில் ஒவ்வொரு அறைக்கும் கை நுழையும் அளவு வட்டமாக வெட்டி, பழையதைச் சுரண்டி எடுத்து, சுத்தம் செய்து, புதிது பூசி, வெட்டிய இடத்தைத் தகட்டால் சீலண்ட் போட்டு மூடுவார்கள். முதலிலேயே அந்த வட்டத் தகடுகளை ஸ்க்ரூவோடு வைத்துக் கட்டினால் எடை கொஞ்சம் கூடும், வேலை பாதியாகும்.

வெட்டுவதற்கு முன் ஒன்று. பெட்ரோல் நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே ஆவியும் காற்றும் சரியான கலவையில் இருக்கும். பெட்ரோலை வடித்து, எல்லா வாயையும் திறந்து, வாசனை போகும் வரை நாள் கணக்கில் காற்றாட விடுங்கள். மின்துளைப்பான் வேண்டாம், கையால் வெட்டுங்கள். வெல்டிங் பெட்டி என்றால், மில் வெல்டரிடம் கொடுக்கும் முன் அது பெட்ரோல் டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கழுவி, நீராவி விட்டு, தண்ணீர் நிரப்பி, வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் மேலே தெரியும்படி வைத்துத்தான் அவர் தொட வேண்டும்.